கப்பல் வீட்டுத் தம்பி

யஹ்யாவுக்குத் தண்ணீரைப் பார்த்தால் போதும், கண் சொக்கிவிடும். துபாயில் பர்துபாய்க் கரையிலிருந்த அறையிலிருந்து எதிர்க்கரையான தேராவிலுள்ள அண்ணன் கலீல் ரஹ்மானின் மசாலாக் கடைக்குப் படகில் வரும்போது, இறங்க மறந்து வந்த கரைக்கே திரும்பிப் போன காலைகளும் உண்டு. ஊர் கீழக்கரை. பாட்டனார்களுக்குச் சொந்தக் கப்பல் ஓடிய காலம் ஒன்று இருந்ததாம். அதனால் குடும்பத்துக்கே 'கப்பல் வீடு' என்று பெயர். கடைப் பலகையிலும் அதுதான்.

தொண்ணூற்று மூன்றில் அந்தக் கடைக்கு ஏலக்காய் வாங்க வந்தாள் ஷம்சாத். துபாய்க்குச் சற்றுத் தள்ளியிருக்கும் அஜ்மானில் பள்ளி ஆசிரியை. வேலூரில் அனாதை விடுதியில் வளர்ந்தவள். ஏலக்காயை உள்ளங்கையில் வைத்துக் கண்மூடி முகர்ந்தாள். அன்றைக்கு யாருக்கு என்ன நிறுத்துக் கொடுத்தோம் என்றே யஹ்யாவுக்குத் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து, காக்கா என்று அழைக்கும் அண்ணனிடம், ஷம்சாத்தைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

"எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா ஊர்ல என்ன சொல்றது?" என்றார் கலீல்.

"நான் கட்டிக்கிட்டா என் வீட்டுப் பொண்ணு, காக்கா."

"அப்போ கப்பல் வீட்டுப் பேரை இங்கேயே வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுத்தான் போனான். நிக்காஹ் முடிந்து, அஜ்மானில் கடலோரம் மலிவு வாடகைக்கு ஒரு பழைய வீடு பிடித்தான். முன்னறையில் கடை. பலகை எழுத வந்தவர் பெயர் கேட்டபோது, "மசாலான்னு மட்டும் எழுதுங்க பாய்," என்றான்.

பனிமூட்டக் காலைகளில் ஊரே காணாமல் போகும். கொத்தமல்லி வறுக்கும் வாசனை மட்டும் தெருவில் நடமாடும். விசாவில் புதிதாக வந்து ரூம் கிடைக்காதவர்கள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஷம்சாத் யாரையும் எந்த வீடு என்று கேட்டதில்லை, பாயை விரித்துவிடுவாள். தங்கிப் போனவர்கள்தான் 'அஜ்மான் வீடு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொல் கடல் தாண்டிக் கீழக்கரைக்கும் போயிற்று.

தொண்ணூற்றாறில் மகள் பிறந்தாள். செய்தி கேட்டுக் கலீல் கிளம்பி வந்தார். பனியில் வழி தெரியவில்லை. யஹ்யா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. மசாலாக் கடை என்று கேட்டுப் பார்த்தார்.

"அஜ்மான் வீடா? நேரா போங்க," என்றார் ஒருவர்.

உள்ளே வந்தவரின் கையில் ஷம்சாத் குழந்தையைக் கொடுத்தாள்.

"நீங்கதான் பேர் வைக்கணும், காக்கா," என்றான் யஹ்யா.

கலீல் குழந்தையின் முகத்திலிருந்த துணியை விலக்கினார். "நஜீஹா," என்றார். "அஜ்மான் வீட்டு நஜீஹா. ஊர்ல நானே சொல்லிடுறேன்."

யஹ்யா நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கம் போட்டான்.