முன்னிலை வகிக்க முப்பத்தாறு பேர்

தலைமையாசிரியருக்கு வாழ்க்கைப்பட்டால், ஆண்டு விழா நடத்துவது என்ற சம்பளமில்லாத உத்தியோகமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இந்த உத்தியோகத்தில் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு விளக்கவே வேண்டாம். மற்றவர்கள் படித்துப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். வீடு கள்ளக்குறிச்சியில். வருஷம் முழுக்க அவர் மட்டும் பைக்கில் மலை ஏறுவார். வருஷக் கடைசியில் பதினைந்து நாள் என்னையும் பின்னால் ஏற்றிக்கொள்வார். "நீ கான்வென்ட்டில் படித்தவள், உனக்கு விழா நடத்தத் தெரியும்" என்று கல்யாணமான புதிதில் ஐஸ் வைத்தார், நானும் பெருமையாகத் தலையாட்டித் தொலைத்தேன். எங்கள் சிஸ்டர்கள் நடத்திய விழாவில் நாலு மணி என்றால் நாலு மணிக்குத் திரை விலகும். இங்கே திரை கிடையாது. மணி உண்டு, அதை ஆடுகள் முட்டி அடிக்கும்.

இந்த வருஷம் விழாவோடு இன்னொரு தலைவலி. எட்டாவது படிக்கும் அஞ்சலை கெட்டிக்காரி. முத்து முத்தான கையெழுத்து. எங்கள் பள்ளி எட்டோடு சரி. ஒன்பதாவதுக்கு விடுதியுள்ள பள்ளியில் சேர்க்க வேண்டும். படிவத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அவள் அம்மா "அவரு சொன்னா சரிங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள். அந்த அவர், லட்சுமணன், விழாவுக்கு மறுநாள் குடும்பத்தையே கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்கு அழைத்துக்கொண்டு போகிறார், அஞ்சலையையும் சேர்த்து. கேட்கலாம் என்றால் மனிதர் பள்ளிப் பக்கமே தலைகாட்டுவதில்லை. காரணம் நாங்கள்தான்.

சுவரில் ஒட்டிய பேர்

விழா அழைப்பிதழுக்கு இங்கே நோட்டீஸ் என்று பேர். அதில் தலைமை, சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை எல்லாம் போட்டு, கடைசியில் "முன்னிலை" என்று ஒரு பட்டியல் வரும். முன்னிலையில் பேர் வந்தவர் மேடையில் உட்காரலாம். போன வருஷம் பள்ளிச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்த லட்சுமணனுக்கு முன்னிலையில் பேர் போடுவதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். தாளில் இடம் போதவில்லை என்று அச்சகத்தில் அதை விட்டுவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

லட்சுமணனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நோட்டீஸைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டி, கடைசி வரியில் விரலை வைத்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். அஞ்சலைக்கு முதல் நாளே விஷயம் தெரியும். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு சண்டையில் உளறிவிட்டாள். அவர் விரல் வைத்துக் காட்டிய கடைசி வரி, அச்சடித்த அச்சகத்தின் பேர். நான் சமாதானம் பேசப் போனேன். அவர் விறகு பிளப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "ஆறு மாசமா அச்சாபீசுக்காரன் பேரை என் பேருன்னு ஊருக்கே காட்டிக்கினு இருந்தேன் டீச்சரம்மா. இனிமே உங்க ஸ்கூல்ல எனக்கு இன்னா வேலை?"

பனிப் பிரதேசம்

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஆனாலும் டீச்சரம்மாவுக்குத் தகுந்த மாதிரி ஏதாவது செய்யவேண்டுமே. எல்லாப் பள்ளியிலும் சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள்; நான் "பனிப் பிரதேசம்" என்று ஒரு நடனம் போட்டேன். இலவம் பஞ்சுதான் பனி. பிள்ளைகள் எல்லாம் பென்குவின். வீட்டில் கிடந்த பழைய குடைகளைப் பிரித்து, கறுப்புத் துணியை வெள்ளைச் சட்டைமேல் தைத்தேன். நாலு இரவலும் வாங்கியதில், மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கே குடை இருக்காது. அஞ்சலைதான் தலைமைப் பென்குவின்.

விழா அன்று மதியம் மலைக்காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. பனி முழுவதும் சமையல் செய்துகொண்டிருந்த அண்டாவில் போய் விழுந்தது. கரண்டியால் பஞ்சை அள்ளி வீசிக்கொண்டிருந்த சமையல்காரம்மா, வரிசையாக நின்ற பென்குவின்களை நிமிர்ந்து பார்த்தாள்: "இன்னா டீச்சரம்மா, புள்ளைங்க பத்தாவது முடிக்கறதுக்குள்ள எல்லாரையும் வக்கீலாக்கிட்டீங்க!"

இன்னும் ஒரு ஆளுக்கு இடம்

போன வருஷத்துப் பாவத்தைக் கழுவ, என் வீட்டுக்காரர் இந்த வருஷம் யாரையும் விடுவதில்லை என்று சபதம் எடுத்தார். முன்னிலை: முப்பத்தாறு பேர். முதல் பேர் லட்சுமணன். நோட்டீஸை அஞ்சலை கொண்டுபோய் நீட்டியதற்கு, அதைக் கையாலும் தொடமாட்டேன் என்றுவிட்டாராம். மற்ற முப்பத்தைந்து பேரும் நம்பினார்கள். இரண்டு டிராக்டர் டிரெய்லரைச் சேர்த்துக் கட்டிய மேடையில் முப்பத்தைந்து பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். கீழே நாற்காலிகளில் நானும், உறங்கிக்கொண்டிருந்த இரண்டு நாய்களும். பெண்கள் எல்லாம் அண்டாவைச் சுற்றிப் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆடுவதற்கு மேடையில் இடமில்லை. பிள்ளைகள் தரையில் ஆட, மேடையே பார்வையாளர் பகுதியானது. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய், "பாதிப் பேராவது இறங்கினால் நன்றாயிருக்கும்" என்றேன். அவர் எனக்காக நகர்ந்து உட்கார்ந்தார்: "பேரு போட்டு கூப்புட்டுட்டு எறங்கச் சொன்னா எப்டிங்க? நீங்க வேணும்னா ஏறிக்குங்க, இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீது."

சிறப்பு விருந்தினர்

சிறப்பு விருந்தினராகக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் பேசவேண்டியதையும் நானே தயார் செய்து, அஞ்சலையின் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு வருகிறவர் நாலுக்கும் வரவில்லை. பலாமரத்தடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஓடி நின்று போன் போட்டேன். ஜீப் மலைப்பாதையில் பாதியில் நிற்பதாகவும், வளைவுக்கு ஒரு வாந்தி என்ற கணக்கில் அதிகாரி தவிப்பதாகவும், திரும்பி இறங்கப் போவதாகவும் டிரைவர் சொன்னார். ஒரு வார்த்தையாவது போனில் வாழ்த்தச் சொல்லுங்களேன் என்று கெஞ்சினேன். "ஐயா விழாவை நல்லபடியா நடத்திக்கச் சொல்லி சைகை காட்றாருங்க, இப்ப வாயைத் தொறந்தா வாழ்த்து வராது."

காலி நாற்காலி

மேடை நடுவில் பெரிய நாற்காலி காலியாக இருந்தது. முப்பத்தைந்து பேரில் ஒருவரை அதில் உட்காரவைத்தால் மீதி முப்பத்து நாலு பேரும் எழுந்து போய்விடுவார்கள் என்று ஊர்க்கவுண்டர் எச்சரித்தார். என் வீட்டுக்காரரை விட்டால் மேடையில் இல்லாத ஒரே ஆம்பிளை, சாப்பாட்டுக்காக வந்து வேலியோரம் நின்றுகொண்டிருந்த லட்சுமணன். நான் யோசிக்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேன். அதிகாரிக்கு வாங்கிய பொன்னாடையை என் வீட்டுக்காரர் போர்த்தினார். அவசரத்தில் உரையையும் கையில் கொடுத்துவிட்டோம். லட்சுமணன் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே நின்ற தலைமைப் பென்குவினைக் கூப்பிட்டு நீட்டினார்.

அஞ்சலை மைக்கைப் பிடித்தாள். "பெற்றோர்களே! பெண் பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள். வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். இதை நான் உங்கள் முன்னிலையில் உறுதியாகச் சொல்கிறேன்" என்று அதிகாரிக்காக நான் எழுதியதை அப்பாவுக்காக வாசித்தாள். ஒரு வரியைக்கூட விடவில்லை. சத்தியமாக நான் இதைத் திட்டமிடவில்லை. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் இந்த உத்தியோகத்தில் ஏன் மாட்டிக்கொள்கிறேன்? லட்சுமணன் பொன்னாடை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் அடங்கியதும் ஊர்க்கவுண்டர் அவர் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா லட்சுமணா, மைக்குல ஊருக்கே புத்தி சொல்லிட்டு, நாளைக்கு நீயே பொண்ணை எஸ்டேட்டுக்கு இட்டுக்கினு போறேன்றியே?"

இரண்டு கையெழுத்து

சிறப்பு விருந்தினர் பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். அதோடு விடுதிப் படிவத்தையும் கொண்டுபோனேன். அடியில் ஒளித்து வைக்கவில்லை, மேலேதான் வைத்தேன். போன வருஷம் ஏமாந்தவரை இந்த வருஷமும் ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. லட்சுமணன் படிவத்தைத் தொடவில்லை. "இந்த வருச நோட்டீஸ் எங்க?" என்றார். அஞ்சலை கொண்டுவந்தாள். "என் பேரு எங்க, காட்டு." அவள் விரல் வைத்தாள். அவர் அதே இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு, "இது அச்சாபீசு பேரு இல்லியே?" என்றார். "இல்லப்பா, அது கடைசியில கீது. நீ மொதல்ல கீற." மூன்று தடவை படிக்கச் சொன்னார். நாலாவது தடவை கேட்பதற்குள் நான் பேனாவை நீட்டினேன்.

பேனாவை வாங்கினார். பதிவேட்டில் ஒரு கையெழுத்து, படிவத்தில் ஒரு கையெழுத்து, இரண்டையும் சுண்ணாம்பு அடிக்கிற நிதானத்தில் போட்டார். நான் நன்றி சொல்ல வாயெடுத்ததும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "உங்க பேச்சுக்காக ஒண்ணும் போடல டீச்சரம்மா. வர்ற வருசம் நோட்டீஸ்ல என் பேரு நெசமாவே இருக்குதான்னு படிச்சுச் சொல்ல எனக்கு ஒரு ஆளு வேணும், அதுக்குத்தான் இவளை வுட்டுட்டுப் போறேன்."

கான்வென்ட்டில் பத்து வருஷம் ஒழுங்கும் நேரமும் கற்றுக்கொண்டு வந்த நான் இதுவரை நடத்தியதில் உருப்படியாக முடிந்த ஒரே ஆண்டு விழா, நோட்டீஸில் போட்ட ஒன்றுகூடப் போட்டபடி நடக்காத இந்த விழாதான்.