கழற்றி வைத்த பின்சீட்டு

காருக்குள் எலி செத்துக் கிடக்கும் நாற்றத்தை நீங்கள் அனுபவித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். நேற்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்சீட்டைக் கழற்றினேன். எலி கிடைத்தது. கூடவே பஞ்சும் புழுதியும் கலந்த ஒரு வாசம் எழுந்தது. எலியை மறந்துவிட்டு, பல வருஷத்துக்கு முன் இப்படிப் பின்சீட்டைக் கழற்றிய ஒரு நாளை நினைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய செடான் ஒன்று வாங்கினேன். காங்கேயத்திலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதற்காக. நாலே மாதத்தில் அந்தத் தேவை இல்லாமல் போனது. அம்மா போய்விட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு மண் மைதானத்தில் ஆட்டோகிராஸ் நடக்கிறது, சாதாரணக் காரையே ஓட்டலாம் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான், போட்டி கடிகாரத்தோடு. தனியாக ஓட்டுவது என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.

காரைத் தயார் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எடை குறைய ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேட்டரி ஆடாமல் இறுக்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கதவில் டேப் ஒட்டி எண் போட்டேன்; என் ஏழு, ஒன்றைப் போலவே இருந்தது. திங்கட்கிழமை இதே காரில் ஆபீஸ் போகவேண்டுமே என்ற பயம் வேறு.

மைதானத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ஹெல்மெட் பிடிக்கவும் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இருந்தது. நான் கழற்றிய சாமான்களோடு மரத்தடியில் முழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காரை ஓட்ட வந்தவரின் மனைவி, ஐம்பது வயதிருக்கும், புருஷனைத் தெலுங்கில் திட்டி முடித்துவிட்டு என்னிடம் தமிழுக்குத் திரும்பினார்.

“ஏனுங்க தம்பி, உங்கூட்ல யாரும் வரலீங்களா?”

“அம்மா வாராங்க. பஸ்ல.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

“அப்பப் போய் ஓட்டுங்க. அவீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்.” மரத்தடியில் கிடந்த என் பின்சீட்டிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் சுற்றில் பாதை தெரியாமல் எங்கோ போய்விட்டேன். அதைவிடப் பெரிய சோதனை மத்தியானம் வந்தது. தூக்குப்போசியைத் திறந்து புருஷனுக்கும் எனக்கும் தக்காளிச் சாதம் வைத்தவர், இன்னொரு தட்டிலும் கொஞ்சம் வைத்து மூடினார். “அம்மா பசியோட வருவாங்க.” ரோட்டில் ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் எழுந்து எட்டிப் பார்த்தார். நான் தட்டைக் கீழே வைத்தேன்.

“அம்மா வரமாட்டாங்க” என்றேன். “போன ஐப்பசில தவறிட்டாங்க. சும்மா சொல்லிப்போட்டேனுங்க.”

அவர் கோபப்படவில்லை. மூடிவைத்த தட்டைத் திறந்து என் தட்டில் கவிழ்த்தார்.

“சாப்புடு கண்ணு. உம்பேரென்ன? பேரு தெரியாம நான் எப்படிக் கத்தறது?”

சொன்னேன். இரண்டாம் சுற்றில் மூன்று கூம்புகளைச் சாய்த்தேன். பரிசின் பக்கமே போகவில்லை. ஆனால் என்ஜின் இரைச்சலையும் தாண்டி ஹெல்மெட்டுக்குள் என் பேர் கேட்டது. அம்மாவுக்குப் பிறகு யாரும் அதை அப்படி முழுத் தொண்டையில் கூப்பிட்டதில்லை.

அடுத்த போட்டிக்கு முதல் ஆளாகப் போய், வரும் கார்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தம்பதி வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. பிறகு மைதானத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து மஞ்சள் கற்கள் நட்டார்கள், போட்டிகள் நின்றன.

போன மாதம் பொள்ளாச்சி போகும் வழியில் இறங்கிப் பார்த்தேன். கார்கள் கிளம்பிய இடத்தில் இரண்டு மாடி வீடு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் மாடியிலிருந்து கேட்டாள்: “யாருங்க வேணும்?”

என் பேரைக் கேட்டுக் கத்தியவரின் பேரை நான் கேட்டுவைக்கவில்லை; சொல்வதற்கு என்னிடம் ஒரு பேர் இல்லை. காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.