ஊருக்கெல்லாம் தண்டோரா

குப்பம்மாளுக்கு வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை. திருப்புட்குழிப் பக்கத்து வயல்வெளிகளில் வாத்து மேய்த்தே வயதாகிவிட்டது. சாயங்காலம் எந்த வயலில் மூங்கில் தட்டியை வட்டமாக நட்டு வாத்துகளை அடைக்கிறாளோ, அன்றைக்கு அதுதான் வீடு. வாத்து எருவுக்காக அவளைத் தேடி வந்து கூப்பிடாத குடியானவன் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நெற்பயிரைப் புகையான் பூச்சி தீய்த்தது. ஒருவர் மட்டும் மருந்தடித்தால் பூச்சி பக்கத்து வயலுக்குப் போய்விடும். அதனால், ஏரித் தண்ணீருக்காகக் காலமெல்லாம் அடித்துக்கொண்ட ஊர்கள் முதன்முறையாக ஒன்றுகூடி, எல்லா வயலிலும் ஒரே நாளில் மருந்தடித்தன. ஆடுமாட்டை அவிழ்க்காதே, வாய்க்காலில் இறங்காதே என்று தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். பூச்சி ஒழிந்தது. பெரிய ஒற்றுமைதான். வயல்நடுவே கிடந்தவளின் நினைவு மட்டும் ஒருத்தருக்கும் வரவில்லை.

மருந்து வாய்க்காலிலும் இறங்கியிருக்கும் என்று தெரியாத குப்பம்மாள் மறுநாள் காலை வழக்கம்போல வாத்துகளை வாய்க்காலில் இறக்கினாள். வெயில் ஏறுவதற்குள் அத்தனையும் கழுத்து தொங்கி மிதந்தன.

ஈரப் புடவையோடு வந்து நின்றவளைப் பார்த்து ஊர்த்தலைவர் பதறிப்போனார்.

"எல்லா ஊர்லயும் தண்டோரா போட்டுக்கினுதானேம்மா இருந்தோம்! உனக்குக் கேக்கலையா?"

"நான் எந்த ஊர்ல இருக்கறேன் சாமி, எனக்குக் கேக்க?"



அன்று சாயங்காலமும் குப்பம்மாள் மூங்கில் தட்டியை வட்டமாக நட்டாள். நட்டுவிட்டு, வாய்க்கால் பக்கம் திரும்பி, வாத்துகளை "பா, பா" என்று கூப்பிட்டாள்.