வள்ளத்தோடு வந்தோம், நிறுத்த இடமில்லை

கொல்லத்திலிருந்து இராஜாக்கமங்கலத்துக்கு லாரியில் வள்ளம் கொண்டுவர நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். என் தம்பி செல்வின் கடல்தொழில் செய்கிறவன். பல வருஷம் அடுத்தவர் வள்ளத்தில் போய்வந்தவன், போன மாதம்தான் சொந்தமாக முப்பத்திரண்டு அடியில் ஒரு பைபர் வள்ளம் எடுத்தான். அதை ஏற்றிவர அவனும் அவன் மனைவி மெர்சியும் போனார்கள். ஊர் சுற்றி எழுதுகிறவள் என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு வள்ளத்தோடு கொல்லத்திலிருந்து புறப்பட்டோம். நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். வள்ளத்தின் பின்பக்கம் லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், சிவப்புத் துணி கட்டி மெதுவாகத்தான் ஓட்டினார் டிரைவர் ஷாஜி. கொல்லத்துக்காரர். கடற்கரைச் சாலையைப் பிடித்திருந்தால் நகருக்குள் வரவே வேண்டாம். ஆனால் வள்ளத்துக்கான இன்ஜினைக் கோட்டாற்றில் ஒரு கடையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. மாலை நான்கு மணிக்கு ஊரில் சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வள்ளத்தை மந்திரிப்பதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கே நாகர்கோவில் வந்துவிட்டதால் நேரம் தாராளம் என்று நினைத்தோம்.

கடையை நெருங்கும் முன்பே ஒரு போலீஸ்காரர் லாரியை லத்தியால் தட்டினார். "பகல்ல சரக்கு வண்டி இங்க நிக்கப்பிடாது. எடு, எடு."

"பின்ன எங்க சார் நிப்பாட்ட?" என்றான் செல்வின்.

"அத எங்கிட்ட கேக்கியா?"

வடசேரிக்குப் போனோம். பஸ் நிலையத்துப் பக்கம் நின்றால் பஸ் திரும்ப முடியாது, நியாயம்தான். அங்கே இருந்த இன்னொரு போலீஸ்காரர் சற்றுத் தள்ளி ஒரு காலி மைதானத்தைக் கைகாட்டினார். "அங்க கொண்டு போடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ." போட்டோம். செல்வின் ஆட்டோ பிடித்து இன்ஜின் எடுக்கப் போனான். நானும் மெர்சியும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முன்சக்கரத்தில் பூட்டு! ஷாஜி வண்டிக்குள்தான் இருந்தார். போலீஸ் ஜீப்பில் வந்தவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன் செய்தால், அதிகாரி வந்துதான் திறக்க வேண்டுமாம். எப்போது வருவார்? வருவார். இன்ஜினோடு திரும்பிய செல்வின் பூட்டைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஊரிலிருந்து போன் மேல் போன். வள்ளத்தை இறக்க ஆட்கள் கரையில் காத்துக்கிடந்தார்கள்.

மூன்று மணிக்கு மேல் அதிகாரி வந்தார். "பெரிய வண்டி இங்க நிறுத்தக்கூடாதுன்னு தெரியாதா?"

"உங்க ஆளுதான் சார் இடம் காட்டுனாரு," என்றேன்.

"எந்த ஆளு? பேரு என்ன?"

"நிறுத்தக்கூடாதுன்னு எங்க சார் எழுதிப் போட்டிருக்கு?" என்றாள் மெர்சி.

மைதானத்து வாசலில் இருந்த கம்பத்தை அவர் காட்டினார். அதில் போர்டு இருந்தது உண்மைதான். அதை முழுதாக மூடிக்கொண்டு யார் வீட்டுக் காதுகுத்துக்கோ ஒரு பிளக்ஸ். மெர்சி விறுவிறுவென்று போய் அதைப் பிடித்து இழுத்தாள். கிழிந்து கையோடு வந்தது. 'சரக்கு வாகனங்கள் நிறுத்துமிடம்' என்றது போர்டு. அம்புக்குறி எங்கள் லாரியைத்தான் காட்டியது.

"அது பழைய போர்டு," என்றார் அதிகாரி.

"அப்போ புதுசு எங்க? சொல்லும், எங்க?" என்றாள் மெர்சி.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் போனில் படம்பிடிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் சாவி வந்தது. அபராதம் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

ஊர் போய்ச் சேர ஐந்தரை. சாமியார் வேறொரு பூசைக்குப் போய்விட்டார். ஆட்களில் பாதிப்பேர் இல்லை. பெண்களும் தோள்கொடுத்துத்தான் இறக்கினோம். ஆள் போதாமல் வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து, அடிப்பகுதி கல்லில் உரசி ஒரு முழத்துக்குக் கீறல். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே! செல்வின் அதைத் தடவிப் பார்த்தான். சாமியார் வைத்துவிட்டுப்போன தீர்த்தக் குப்பியை மெர்சி திறந்தாள். "மைனி, இதுக்கும் யாருகிட்டயாவது கேக்கணுமா?" என்று என்னிடம் கேட்டபடி அவளே தெளித்தாள்.

நெரிசலான தெருவுக்குள் பகலில் பெரிய வண்டி வரக்கூடாது என்றால் எனக்கு மறுப்பில்லை. எங்கே நிற்கலாம் என்று சொல்லத் துப்பில்லாதவர்கள் கையில் பூட்டோடு வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீங்கள் வருவதாக இருந்தால் கடற்கரைச் சாலையில் வாருங்கள். இன்ஜினை முந்தின நாளே மினி லாரியில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். நகருக்குள் வந்தே ஆகவேண்டுமென்றால், இடம் காட்டுகிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நின்ற இடத்தைச் சுற்றிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். பூட்டிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, ஷாஜி அன்று முழுக்கக் கீழே இறங்கவே இல்லை. ஒன்றுக்குப் போகக்கூட. நாங்கள் வாங்கிக்கொடுத்த பொதிச்சோற்றைத் தொடவில்லை. புறப்படும்போது, "இனி இந்த டவுனுக்கு ஞான் லோடு எடுக்கில்லா சேச்சி," என்றார். எங்கள் ஊருக்கு வந்து அந்த மனிதர் பட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.