டூல் பாக்ஸில் கிடந்த வால்வு

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பொன்னேரியிலிருந்து ரயிலில் போய், வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். செய்து முடித்த வால்வை மேடையில் பொருத்தி, கைப் பம்பால் தண்ணீர் ஏற்றி, கேஜ் முள்ளைப் பார்த்துத் தேறியதா இல்லையா என்று சொல்வது என் வேலை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. நான் கழித்துப் போட்டதை மானேஜரே வந்து கேட்டாலும் வெளியே விடமாட்டேன்.

என் மகளுக்கு நாலாவது மாதத்தில் தலை பெருக்க ஆரம்பித்தது. வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் வாரம் ஒருமுறை கறுப்புக் கயிற்றைத் தலையைச் சுற்றிப் பிடித்து, முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்தாள். ஒவ்வொரு முடிச்சும் முந்தையதைத் தாண்டி விழுந்தது. நாலாவது முடிச்சன்று கயிற்றை என் மடியில் போட்டு, "இதுக்கு மேல இன்னா பாக்கணும்? கெளம்புங்க" என்றாள்.

மெட்ராஸில் நாங்கள் பார்த்த டாக்டர் பொறுமையானவர். மூளைக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது, தோலுக்கடியில் குழாய் விட்டு அதை வயிற்றுக்குள் வடிக்க வேண்டும், நடுவில் ஒரு வால்வு வைக்க வேண்டும் என்றார். தாளில் இரண்டு வகை வரைந்து காட்டினார். ஒன்று ரப்பர் குழாயில் மெல்லிய கீறல்; நீர் நெருக்கினால் கீறல் விலகும். இன்னொன்று எஃகுக் கூட்டுக்குள் சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும். குண்டு வைத்ததுதான் தனக்குத் தோதுப்படும் என்றார். அதிலும் லோ, மீடியம், ஹை என்று மூன்று உண்டாம்.

"மண்டை எலும்பு இன்னும் சேரல. உள்ள அழுத்தம் பெரிசா ஏறாது, தலைதான் விரியும். அதனால சீக்கிரமே தெறக்கிற வால்வு வேணும். லோ. புரியுதா?"

"வால்வு தானே சார், தெனம் பாத்துக்கினு இருக்கறதுதான்" என்றேன்.

உண்மையில் அந்தக் குண்டையும் ஸ்பிரிங்கையும் பார்த்த சந்தோஷத்தில் மற்றதைக் காதில் வாங்கவே இல்லை.

அப்போது ஆஸ்பத்திரியில் அது இருப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் சூப்பர்வைசரின் தம்பி கப்பலில் வேலை செய்தார். டாக்டர் எழுதிய சீட்டை அவருக்கு அனுப்பினோம். பத்து நாளில் தந்தி வந்தது. கடையில் லோ இல்லை, வர ஒன்றரை மாதம் ஆகும், ஹை இருக்கிறது, வாங்கவா என்று கேட்டிருந்தார்.

எங்கள் கம்பெனியில் ஹை என்றால் பாய்லருக்குப் போவது. லோ என்றால் குளியலறைக் குழாய்க்கு. என் பெண்ணுக்குப் போய்க் குளியலறைச் சரக்கா என்று அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்தே எனக்குள் ஒரு குறை இருந்தது. டாக்டரைக் கேட்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. தபாலாபீசுக்கு நடந்து போய், ஹையே வாங்கவும் என்று பதில் தந்தி கொடுத்தேன். திரும்பி வரும்போது மனசு நிறைந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மாதம் கழித்துக் கப்பல் வந்தது. டாக்டர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "இது தெறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறுறதுக்குள்ள குழந்தை தாங்காதே. யார் இதைக் குடுத்தது?"

"கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் சார்" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, முகம் தெரியாத அந்தக் கடைக்காரனைச் சபித்தாள்.

டாக்டரே வேறொருவருக்கு எழுதினார். லோ வந்து சேர இரண்டரை மாதம் ஆயிற்று. அதுவரை வாரம் ஒருமுறை உச்சிக்குழி வழியாக ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். கயிற்றில் முடிச்சுகள் நகர்ந்துகொண்டே போயின. குழந்தையின் கருவிழிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை மட்டும் தெரிந்தது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதன்பிறகு போட்ட முடிச்சுகள் ஒரே இடத்தில் விழுந்தன. கருவிழிகள் மேலே ஏறின. என் மனைவி எவர்சில்வர் தம்ளரை வெயிலில் காட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கண்கள் அசையவில்லை. தேங்கிய நாட்களில் கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, முன்னாடியே வடித்திருந்தால் பார்வை தங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். குற்றம் சொல்கிற குரலே இல்லை அது.

அந்த ஹை வால்வை என் டூல் பாக்ஸின் அடியில் போட்டேன். தூக்கியெறியக் கை வரவில்லை.

மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து டூல் பாக்ஸைத் துழாவிக்கொண்டிருந்தாள். என் மனைவி அடுப்படியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் தொட்டே சொல்லிவிடுவாள். ஒன்றில் மட்டும் விரல் நின்றது.

"நைனா, இது இன்னா?"

"வால்வும்மா."

காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "எனக்கு இங்க இருக்குதே, அதுவா?"

"அது லோ. இது ஹை."

"எது நல்லது?"

"உன்கிட்ட இருக்கறதுதான்."

"அப்போ இத ஏன் வாங்குன?"

கடைக்காரன் நாக்கு நுனிவரை வந்துவிட்டான். அவள் பதிலுக்காக முகத்தை என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள், சரியாக என் முகத்துக்கு நேராக அல்ல, கொஞ்சம் தள்ளி.

"நான்தாம்மா வாங்கச் சொன்னேன்" என்றேன். "எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினேன்."

அடுப்படியில் அம்மியில் அரைக்கும் சத்தம் நின்றது.