குழாய்ப் பக்கமிருந்து வந்த கை

பால் அடிப்பிடிக்கும் மணம் மூக்கில் ஏறினால் இன்றும் நான் அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிடுவேன். சிரிக்காதீர்கள். லண்டன் வீடுகளின் சுவருக்குள்ளும் தரைப்பலகைக்கு அடியிலும் பாதி வாழ்க்கையைக் கழித்த எலக்ட்ரீஷியன் நான். வீட்டில் பேய் என்று யாராவது கூப்பிட்டால் டெஸ்டரோடு போய், கழன்ற வயரைக் காட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறவன். கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்லக்கூடியது கரண்ட் ஒன்றுதான், அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, மண்ணுக்குப் போக வழி கொடுத்தால் போய்விடும் என்றுதான் நம்பியிருந்தேன்.

மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்கு அடுத்த தெருவில் யோகன் அண்ணையும் அவர் மனைவி சுமதி அக்காவும் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். ஞாயிறு காலை பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும். வயரிங் பார்க்கப் போன நான், சமையலறைத் தண்ணீர்க் குழாயில் எர்த் வயர் கட்டப்படவே இல்லை என்று கண்டேன். வீட்டிலுள்ள செப்புக் குழாய், காஸ் குழாய் எல்லாவற்றையும் பச்சை மஞ்சள் வயரால் ஒன்றோடொன்று இணைத்து எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் எங்காவது ஒரு வயர் கெட்டாலும் அடுப்பையும் குழாயையும் ஒன்றாகத் தொட்டவரின் நெஞ்சுக்குள்ளால் கரண்ட் பாயாது. இணைக்காத வீட்டில் அவை இரண்டும் நடுவில் ஒரு மனிதருக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

"பால் காய்ச்சின பிறகு செய்தாக் காணாதோ? நல்ல நேரம் போகப்போகுதடா தம்பி," என்றார் யோகன் அண்ணை.

"கரண்ட் போட ஏலாது அண்ணை. சின்னக் காஸ் போத்தல் பூட்டின காம்பிங் அடுப்பிலை காய்ச்சுங்கோ."

"புதுவீட்டிலை முதல் வேலையா எங்களை இருட்டிலை இருத்திப்போட்டான்," என்று சுமதி அக்கா சிரித்தார். "உனக்குப் பால் இல்லை, போ."

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டேன். நம்பினால் நம்புங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் மாடிப்படிக்குக் கீழே தரைப்பலகையைக் கழற்றி வயர் இழுக்கத் தொடங்கினேன். அதன் மறுமுனை இன்னும் குழாயைத் தொடவில்லை.

அப்போது சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் இல்லை, தொண்டைக்குள் யாரோ கயிறு முறுக்கியது போல.

ஓடிப் போனால், இடது கையில் செம்பும் வலது கை குழாய்த் திருகிலுமாகச் சுமதி அக்கா விறைத்து நிற்கிறார். தலை பின்னால் மடிந்திருந்தது. பல்லிடுக்கால் இரத்தம். குதிக்கால்கள் தரையில் படபடவென்று அடித்தன. கரண்ட் பிடித்த ஆளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், அதே முறுக்கு, அதே உதறல். யோகன் அண்ணை கட்டிப்பிடிக்கப் பாய்ந்தார். அவரை உதைத்து விழுத்தினேன். வேறு வழி இல்லை, தொட்டால் அவரும் போய்விடுவார். கழற்றிக் கையோடு கொண்டு வந்திருந்த தரைப்பலகையால் அக்காவின் வலது முழங்கைக்குக் கீழே ஓங்கி அடித்தேன். விடவில்லை. மறுபடியும் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அக்கா சுவரோடு மோதி விழுந்தார்.

"உனக்கென்ன விசரே! கொல்லப் பாக்கிறியோடா!" யோகன் அண்ணை என் கழுத்தைப் பிடித்துக் கதவு நிலையில் முகத்தை மோதினார். மூக்கு உடைந்து இரத்தம் கொட்டியது.

"கரண்ட் அண்ணை, கரண்ட்!"

"சாவி உன்னட்டைத்தானே இருக்கு! எந்தக் கரண்ட்?"

அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டு, தோட்டத்து மண்ணில் ஒரு கம்பி குத்தி, நீள வயர் இழுத்து, குழாயை அளந்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழாய் வழியாக வந்திருக்கலாம் என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஒரு பக்கம் வீடே இல்லை, குறுகிய ஒழுங்கைதான். மறுபக்க வீடு இடிப்பதற்காக மின்சாரம் வெட்டப்பட்டு, ஜன்னல்களில் பலகை அடித்துக் கிடந்தது.

என்னை நானே நம்பவைக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் குழாயைத் திறந்து, மூக்கு இரத்தத்தையும் கையையும் கழுவினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அக்காவின் வலக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் தீக்காயம் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் ஊதா நிறத்தில் பதிந்திருந்தன. யார் பிடித்தது என்று கேட்டு, யோகன் அண்ணையைப் பார்த்தாள், பிறகு என்னை. நாங்கள் இருவருமே அந்த மணிக்கட்டைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும் அப்படிப் பதியாது. அந்த விரல்கள் குழாய்ப் பக்கமிருந்து அக்காவின் முழங்கையை நோக்கிச் சாய்வாக நீண்டிருந்தன. குழாய்ப் பக்கம் இருந்தது சுவர் மட்டுமே.

அந்த வேலையை நான் முடிக்கவில்லை. வேறு வேலைகளுக்குப் போகிறேன், இணைக்கிறேன், சோதிக்கிறேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக் குழாயைப் பிடித்தாலும், விடு என்று நான் நினைத்த பிறகும் ஒரு கணம் என் வலக்கை விடாமல் இருக்கிறது. டொக்டர் நரம்பு என்கிறார். இருக்கட்டும்.

அன்று ஆம்புலன்ஸ் கதவு மூடுமுன் சுமதி அக்கா முறியாத கையால் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன்.

"நீ அடிக்கேக்கை அது என்னைப் பாக்கேல்லைத் தம்பி, உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது. உந்தத் தண்ணியிலை கை கழுவிப்போடாதை, என்ன?"