சேம்பருக்கு வரச் சொன்னேன்

சேம்பர் என்ற சொல்லைச் சென்னையிலிருந்து தென்காசிக்குக் கொண்டுவந்தவன் நான்தான் என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு. எனக்கு முன்பே அது வந்து, குளத்துக்கரையில் புகைபோக்கியோடு நின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியும், ஆனால் அதை நான் மதிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மேல்சபை உறுப்பினர் ஒருவரிடம் எழுத்து வேலை பார்த்தேன். மனு எழுதுவது, கடிதங்களுக்குப் பதில் போடுவது. ஒருமுறை கூட்டத்தொடருக்கு என்னையும் சென்னைக்குக் கூட்டிப்போனார். அங்கே எங்கு திரும்பினாலும் சேம்பர். உறுப்பினர்கள் கூடுகிற மண்டபம் சேம்பர். கீழ்ச்சபை ஒரு சேம்பர், மேல்சபை இன்னொரு சேம்பர். அமைச்சர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறையும் சேம்பர். "ஐயா சேம்பர்ல இருக்காங்க" என்று கதவோரம் நின்ற டவாலிச் சேவகர் ஒருவர் சொன்ன தோரணையில் நான் சொக்கிப்போனேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்கு வாழ்வுகூட வரவில்லை, ஒரு சொல்தான் வந்தது. அதற்கே குடையை விரித்துவிட்டேன்.

அந்த வருஷம் சாரல் விழுந்ததும் உறுப்பினர் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வந்து தங்கினார். அதன் முன்னறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, குறுக்கே ஈரத்துண்டு காயும் கொடி. அதற்கு நான் சேம்பர் என்று பேர் வைத்தேன்.

"என்னவே, எண்ணெய்த் தலையோட உக்காருத எடத்துக்கு சேம்பரா? வெளிய சொல்லிராதயும், சிரிப்பாச் சிரிப்பாங்க" என்றார் உறுப்பினர்.

நான் கேட்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சேம்பர், சேம்பர் என்றுதான் பேசினேன்.

தென்காசிக்குக் கிழக்கே குளத்துப் புறம்போக்கில் எட்டுக் குடிசைகள் இருந்தன. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. எட்டு வீட்டுக்கும் சேர்த்து அலைந்தவள் செங்கல் சுமக்கிற ஒரு பெண். புருஷன் இல்லாதவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மனுவை நான்தான் தென்காசியில் வைத்து எழுதிக் கொடுத்தேன். எல்லாரிடமும் கைநாட்டு வாங்கி அவளே வைத்திருந்தாள். குற்றாலத்துக்கு வந்திருந்த அமைச்சரிடம் உறுப்பினர் பேசிவிட்டார்.

"நாளைக்குக் காலைல மந்திரி இங்கன பலகாரம் சாப்பிட வாராரு. அந்தப் பொம்பளைய எட்டு மணிக்கு வரச் சொல்லும். மனுவ அவ கையால குடுக்கட்டும். வேற எடம் காட்டுத வரைக்கும் குடிசையில கைவைக்கக் கூடாதுன்னு எழுதிருதேன்னு சொல்லிட்டாரு" என்றார் என்னிடம்.

அன்று சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவளைப் பார்த்துச் சொன்னேன். "நாளைக்கு எட்டு மணிக்கு சேம்பருக்கு வந்துரு. மந்திரி வாராரு."

அவள் முகத்தில் ஒரு குழப்பம். "சேம்பருக்கா? மந்திரி அங்கனயாய்யா வாராரு?"

"பின்ன? சேம்பருக்கு வராம உன் குடிசைக்கா வருவாரு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. அவளும் சிரித்தமாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அவள் வேலை பார்த்த பெரிய செங்கல் சூளைக்கும் சேம்பர் என்றுதான் பேர். அறை அறையாகத் தடுத்து ஒன்றன்பின் ஒன்றாக எரிப்பார்கள். அங்கே சுட்ட கல்லுக்குச் சேம்பர் கல் என்று சந்தையில் தனி மதிப்பு. ஊருக்கெல்லாம் தெரிந்த சேம்பர் அது ஒன்றுதான்.

மறுநாள் எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. அமைச்சர் இட்லி சாப்பிட்டுக் கைகழுவி, "எங்கய்யா அந்த அம்மா?" என்று இரண்டுமுறை கேட்டார். பத்து மணிக்குப் புறப்பட்டுவிட்டார். உறுப்பினர் முகம் கறுத்துவிட்டது. "நீர் ஒழுங்காச் சொன்னீரா?"

"சொன்னேன்யா. அவளுக்கே அக்கறை இல்ல" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

மத்தியானம் அவள் பங்களாவை விசாரித்துக்கொண்டு வந்தாள். வெளுத்த சேலை, தலையில் பூ கிடையாது, ஆனால் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். கையில் மனு.

"விடியமுன்ன எல்லாரும் சேந்து சேம்பர் வாசலப் பெருக்கித் தண்ணி தெளிச்சு வச்சோம்யா. மொதலாளி ஏசுனதுக்குக்கூட, மந்திரி வாராருன்னு அவருட்டச் சண்ட போட்டேன். பன்னெண்டு மணி வர நின்னோம். யாருமே வரலையே."

எனக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிற்று. உள்ளே உறுப்பினர் படுத்திருந்தார். அமைச்சர் இன்னும் இரண்டு நாள் குற்றாலத்தில்தான் இருந்தார். நான் உள்ளே போய், "தப்பு என்னுது" என்று சொல்லியிருந்தால் போதும். உறுப்பினர் ஏசியிருப்பார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பங்களாவுக்கு வருகிறவரிடமெல்லாம் என் சேம்பர் கதையைச் சொல்லியிருப்பார். அடுத்த கூட்டத்தொடருக்கு என்னைக் கூட்டிப்போகாமலும் இருந்திருக்கலாம்.

இதற்குப் பயந்துதான், "கூறுகெட்டவளே, சேம்பர்னா இது. மந்திரி செங்கச் சூளைக்கா வருவாரு? பெரிய மனுசங்களக் காக்கவச்சுட்டு இப்ப வந்து நிக்கே" என்று அவளை ஏசினேன். குரலைத் தாழ்த்தித்தான் ஏசினேன், உள்ளே கேட்டுவிடக் கூடாதே.

"தப்புதான்யா. நான் ஒரு மட்டி. இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்றாள். அவள் முதல்தடவை கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மனுவை வாங்கி வைத்துக்கொண்டேன். அதை உறுப்பினரிடம் கொடுத்தால் அவள் ஏன் வரவில்லை என்ற பேச்சு எழும். நான் கொடுக்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள்.

ஐந்தாறு வருஷம் கழித்து நான் சொந்தமாக வீடு கட்டினேன். கல் பார்க்கக் கொத்தனாரோடு அந்தச் சூளைக்குப் போகவேண்டி வந்தது. அவளை நினைக்காமல் இல்லை. இத்தனை நாளைக்கு எங்கேயாவது போயிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போனேன். அவள் அங்கேதான் இருந்தாள். சூளைச் சுவரோடு ஒட்டித் தகரம் சாய்த்த இடத்தில்தான் குடியிருப்பே. முடி பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். உண்மையில் அதற்கு ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

அவள் மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன வாங்க. நம்ம குடிசைக்காவ மந்திரிட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணுனவுக இவுகதான். நாந்தான் எடம் தெரியாம இங்கன நின்னு கெடுத்துட்டேன்."

தமிழில் அறை என்று நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அறை என்றால் கன்னத்தில் விழுவதும்தான். அது எனக்குச் சூளையில் வைத்து விழுந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். கொத்தனார் பக்கத்தில் நின்றார். "அதெல்லாம் பழைய கதை" என்று மட்டும் சொன்னேன். பெருந்தன்மையாகச் சொன்னதுபோல அது விழுந்தது. அவள் கண் கலங்கிவிட்டாள்.

என் வீட்டுக்கான கல்லை அவள் வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு, வேகாததை ஒதுக்கி, நல்லதாகப் பார்த்து அவளே வண்டியில் அடுக்கினாள்.